பாங்காக்கில் கிளிஞ்ச் கற்கப் போகிறவர்களுக்கு

தாய்லாந்துச் சண்டைக்கலையான முய் தாயில் கிளிஞ்ச், அதாவது நின்றபடியே கட்டிப்பிடித்துப் போடும் பிடிச்சண்டை, கற்க பாங்காக் போகிறவர்கள் இறங்கிய கையோடு பயிற்சிக் கூடத்துக்கு ஓடாமல், முதல் மாலையை ராஜதம்னோன் அரங்கில் கழிப்பது நல்லது. 1945இல் தொடங்கிய அரங்கம் இது; காவ் சான் சாலைப் பக்கம் தங்குபவர்கள் நடந்தே போய்விடலாம். டிக்கெட் எடுக்கும் முன் அன்றைக்கு ஐந்து சுற்றுப் போட்டிகள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது மூன்று சுற்றுப் போட்டிகளும் நிறைய நடக்கின்றன. அவற்றில் அடிதடி வேகம் அதிகம், பிடிச்சண்டை குறைவு. கிளிஞ்சைப் பார்த்துக் கற்க வேண்டுமென்றால் பழைய முறைதான் சரி: மூன்று நிமிடச் சுற்று, இரண்டு நிமிட ஓய்வு, மொத்தம் ஐந்து.

முதல் இரண்டு சுற்றில் பெரும்பாலும் ஆழம் பார்ப்பார்கள். மூன்றிலும் நான்கிலும்தான் போட்டி தீர்மானமாகும். போட்டியோடு வாசிக்கும் நாயனத்தின் வேகம் ஏறும், பந்தயம் கட்டியவர்கள் ஒவ்வொரு முட்டிக்கும் (முழங்கால் இடிக்கும்) ஒரே குரலில் கத்துவார்கள். அப்போது கைகளைப் பார்க்காதீர்கள், இடுப்பையும் பாதத்தையும் பாருங்கள். குத்துச்சண்டையில் கட்டிப்பிடித்தால் நடுவர் பிரித்துவிடுவார். இங்கே இருவரும் முட்டியோ முழங்கையோ போட்டு வேலை செய்துகொண்டிருக்கும்வரை விட்டுவைப்பார். எதிராளியை நிலைகுலைத்துக் கீழே சாய்த்தால் அதற்கும் மதிப்புண்டு. ஜூடோ மாதிரி இடுப்பில் ஏற்றி எறிவது மட்டும் கூடாது.

கூடங்களில் நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி இருக்கும். கிளிஞ்ச் பொதுவாக மாலை வேளையின் கடைசியில், உடம்பு களைத்த பிறகு, அரை மணியோ அதற்கு மேலோ வரும். கையுறை கிடையாது. வாய் விளக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்; தப்பாக நின்றால் தரையில் கிடப்பீர்கள், அதுதான் பாடம். உங்களைவிட பதினைந்து கிலோ குறைவான பையன் சிரித்துக்கொண்டே சாய்த்துவிடுவான். அவனிடம் இருப்பது கைபலம் இல்லை, நிற்கும் முறை.

முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முன்பாதத்தில் நில்லுங்கள். முதுகு நேர், இடுப்பு முன்னால், கிட்டத்தட்ட எதிராளியின் இடுப்பை ஒட்டி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்குப் பயந்து இடுப்பைப் பின்னால் தள்ளுவார்கள். தள்ளினால் தலை முன்னால் குனியும். குனிந்த தலையைக் கீழே இழுக்க ஒரு விரல் போதும், முட்டிக்குத் தேவையான இடைவெளியையும் நீங்களே கொடுத்தாகிவிட்டது. ஒட்டி நிற்பதுதான் பாதுகாப்பு என்பதை உடம்பு நம்ப ஒரு வாரமாவது ஆகும்.

இனி கழுத்துப் பிடி. கை போக வேண்டிய இடம் பிடரி அல்ல, அதற்கும் மேலே, பின்மண்டையின் மேடு. கழுத்தின் அடியில் பிடித்தால் எதிராளியின் பலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மண்டையில் பிடித்தால் நெம்புகோலின் நீளம் கூடுகிறது. ஒரு உள்ளங்கையின் மேல் மறு கையை வையுங்கள். விரல்களைக் கோர்க்கவே கூடாது: அவசரத்தில் பிரிக்க முடியாது, சேர்ந்து விழுந்தால் விரல் போகும். இரண்டு முழங்கைகளும் நெருங்கி, முன்னங்கைகள் அவருடைய காறை எலும்பில் அழுந்த வேண்டும். முழங்கை அகன்றால் அந்தச் சந்து வழியாக அவர் கை உள்ளே வரும், பிடி கைமாறிவிடும். கிளிஞ்சில் பாதி வேலை இந்த உள்வழிக்கான போட்டிதான். அவர் கை உள்ளே வந்தால் உங்கள் கையைக் கீழிருந்து நீந்துவதுபோல் செருகி மறுபடி உள்ளே வர வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் அந்த நொடியில் உங்களிடம் எதுவுமே இல்லை.

கையால் இழுத்து யாரையும் கீழே கொண்டுவர முடியாது. ஒரு நிமிடத்தில் முன்னங்கை மரத்துப்போகும். இழுப்பு காலிலிருந்து வர வேண்டும். வலது கையால் தலையை இழுக்கும்போது வலது காலை அரைவட்டமாகப் பின்னால் வாங்குங்கள். உங்கள் உடல் எடை முழுவதும் அவர் கழுத்தில் தொங்கும். அவர் தடுமாறி முன்னால் கால் வைப்பார். பின்னால் போன அதே கால்தான் இப்போது முட்டியாகத் திரும்பி வருகிறது: குதிகால் பின்தொடையை நோக்கி மடங்கி, விரல்நுனி தரையைப் பார்க்க, கடைசியில் இடுப்பு முன்னால் பாய வேண்டும். இடுப்பு பாயாத முட்டி வெறும் தொடைத் தட்டு. சாய்ப்பதற்கான தருணமும் இதே கணக்குத்தான். அவர் முட்டி தூக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறார். தூக்கிய காலின் பக்கமாகத் திருப்புங்கள், அங்கே ஊன்றக் கால் இல்லை.

எதிராளி இரண்டு கையாலும் உங்கள் தலையைப் பிடித்துவிட்டால் பின்னால் இழுத்துத் தப்பிக்க முயல வேண்டாம். அவர் எதிர்பார்ப்பதே அதைத்தான். உள்ளே ஏறி, இடுப்பை ஒட்டி, கூரையைப் பாருங்கள். ஒரு கையை அவர் கைகளுக்கு மேலாகக் கொண்டுபோய் உள்ளங்கையால் தாடையைத் தள்ளினால் பிடி தளரும். அதுவும் முடியாவிட்டால் இரண்டு அக்குளுக்கு அடியிலும் கைவிட்டு இடுப்பைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒட்டிவிட்டால் நேர்முட்டிக்கு இடமில்லை. அவர் கீழ்முதுகை உங்கள் பக்கம் இழுத்து, நெஞ்சால் மேலே அழுத்தினால் வளைந்து பின்னால் போவார்.

தற்காப்புக்காகக் கற்கிறவர்கள் இதில் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். போட்டி மேடையில் எதிராளியின் கையில் கத்தி இல்லை, பக்கத்தில் அவன் கூட்டாளி இல்லை. ஆகவே இரண்டு கையையும் தலைக்குக் கொடுக்கும் பிடி தெருவில் ஆபத்து. அவன் கைகள் சும்மா இருக்கின்றன. ஒரு கை பின்மண்டையில், மறு கை அவன் மணிக்கட்டிலோ முழங்கையின் உள்மடிப்பிலோ, நெற்றி அவன் தாடையோரத்தில். அங்கிருந்து அவன் கையைத் தாண்டி முதுகுப் பக்கம் போய்விட்டால் தள்ளிவிட்டு ஓடலாம். கான்கிரீட் தரையில் சேர்ந்து விழுவது இருவருக்குமே கேடு.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். மோதிரம், சங்கிலி, கம்மல் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். முதல் சில நாள் கழுத்தைத் திருப்பவே வலிக்கும், அது தசைவலி. கை மரத்தாலோ வலி தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் மாதிரி இறங்கினாலோ கிளிஞ்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வியர்வையோடு தோலும் தோலும் உரசுவதால் படர்தாமரை சுலபமாகத் தொற்றும். பயிற்சி முடிந்த உடனே சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், ஈர உடையை மறுநாள் மறுபடி மாட்டக் கூடாது. வட்டமாகச் சிவந்து அரிக்கும் தடிப்பு தெரிந்தால் மருந்துக் கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு, அது ஆறும்வரை குத்துப் பையில் குத்துங்கள், பக்கத்து ஆளைப் பிடிக்காதீர்கள்.