ஓல்ட் க்ரோவில் இருந்து தம்பி எடுத்த வீடியோ

தம்பி கனடாவில் எலக்ட்ரீசியன். சித்தப்பாவின் மகன், கூடப்பிறந்தவன் இல்லை, ஆனால் இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானில் ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். போன வருடம் ஆகஸ்ட் முடிவில் ஆறு கிழமை வேலைக்கு அவனை வடக்கே ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். ஊரின் பெயர் ஓல்ட் க்ரோ. போய் இறங்கிய அன்றே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான்: "அக்கா, இந்த ஊருக்கு ரோட்டே இல்லை."

அன்றிலிருந்து எனக்கு அந்த ஊர் மண்டைக்குள் வந்து குந்திவிட்டது. அவன் சொன்னதையும் நான் தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓல்ட் க்ரோ கனடாவின் யூகோன் பிரதேசத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, போர்க்குபைன் ஆற்றோடு க்ரோ ஆறு வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. 250 பேர் அளவில்தான் சனம். யூகோனில் ரோட்டுத் தொடர்பு இல்லாத ஒரே ஊர் அதுதான். விமானத்தில் போகலாம், ஆறு உருகிக் கிடக்கும் மாதங்களில் படகில் போகலாம், உறைந்த பிறகு பனிவண்டியில் போகலாம். பாரமான சாமான்கள் கொண்டுபோக வேண்டி வந்தால் அபூர்வமாகச் சில வருடங்களில் உறைபனிக்கு மேலே தற்காலிகப் பாதை ஒன்று போடுவார்களாம், வெயில் வர அதுவும் கரைந்துவிடும். பால்மா, முட்டை, ஆணி, டீசல் எல்லாம் வானத்தால் வந்து இறங்க வேண்டும். விலையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அங்கே இருப்பவர்கள் வுந்துட் குவிச்சின் மக்கள். ஏரிகளுக்கு நடுவே வாழ்பவர்கள் என்று பொருள். ஊருக்கு வடக்கே 2,000க்கும் மேற்பட்ட ஏரிகள் கொண்ட பெரிய சமவெளி கிடக்கிறது, அதனால் வந்த பெயர். அவர்கள் மொழி அத்தபாஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த அத்தபாஸ்கன் என்ற சொல் வெளியாட்கள் வைத்தது, க்ரீ மொழிக்காரர் ஓர் ஏரியைச் சொன்ன பெயரில் இருந்து எடுத்தது. அந்த மக்கள் தங்களைச் சொல்வது டெனே என்று, அதாவது மனிதர்கள். எங்கேயோ தெற்கில் பாலைவனத்தில் இருக்கும் நவஹோ மக்களின் மொழியும் இதே குடும்பம்தான் என்று வாசித்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்ன முதல் சொல் "பாவம்". ரோட்டு இல்லை, கடை ஒன்று இரண்டு, மார்கழியில் சில கிழமைக்குச் சூரியனே எழும்பாது, பாவம். நானும் சொன்னேன். பிறகு இரவு படுத்துக் கிடக்கும்போது மனம் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் எங்களையும் இப்படித்தானே சொன்னார்கள். போரோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, இரண்டு விரல் அளவு எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தேன். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து யாராவது பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் முற்றத்தில் மரவள்ளி இருந்தது, குளத்தில் மீன் இருந்தது, வைகாசி ஆனியில் காட்டில் பாலைப்பழம் இருந்தது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்தே போய் வந்தோம். எங்களைப் பாவம் என்றவர்களுக்கு எங்களிடம் இல்லாதது மட்டும்தான் தெரிந்தது. அதையே நானும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுச் செய்தேன்.

இரண்டாவது வீடியோவில்தான் அம்மா போனைப் பறித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

ஒரு வயதான அம்மா, தலையில் பூப்போட்ட துணி கட்டியிருக்கிறார், மரப்பலகையில் ஒரு பெரிய இறைச்சித் துண்டு. கத்தியை அறுக்கிற மாதிரிப் பிடிக்கவில்லை, படுக்கையாகப் பிடித்துத் துண்டைச் சுற்றிச் சுற்றி விரிக்கிறார், சுருட்டி வைத்த பாயை விரிக்கிற மாதிரி அந்தக் கட்டி இறைச்சி ஒரு மெல்லிய விரிப்பாகத் திறந்துகொண்டு வருகிறது. ஓர் இடத்தில்கூட ஓட்டை விழவில்லை. பிறகு அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், மறுபக்கத்தில் அவருடைய விரல்களின் நிழல் தெரிந்தது. புகை போடும் குடிலுக்குள் தடிகளில் இப்படி நூறு விரிப்புகள் தொங்கின. கீழே நெருப்பு இல்லை, புகை மட்டும்தான்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது வத்தலெல்லோ" என்றார். "உன்ர அம்மப்பா மரை வத்தல் போடேக்க இப்பிடித்தான் விரிப்பார். நாங்கள் உப்புப் போடுவம். அவை போடேல்லையே?" தம்பியிடம் கேட்டேன். அந்த அம்மா உப்புப் போடுவதில்லையாம், காற்றும் புகையும் போதுமாம். மரை வேட்டை எல்லாம் இப்போது சட்டப்படி குற்றம், அது சரியும்தான், எங்கள் காட்டில் மரை எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் கை அன்றைக்குத் தன்பாட்டில் மடியில் அசைந்துகொண்டிருந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் பழகிய வேலை.

அந்த இறைச்சி கரிபு மானுடையது. பனிநாட்டுக் கலைமான், ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு வரும். போர்க்குபைன் ஆற்றின் பெயரைக் கொண்ட மந்தையில் 2017 கணக்கெடுப்பின்போது இரண்டு லட்சத்துக்கும் மேலே இருந்தன. வருடத்தில் இரண்டு தரம், வசந்தத்தில் வடக்கே போகும்போதும் இலையுதிர்காலத்தில் திரும்பி வரும்போதும், ஓல்ட் க்ரோவைத் தாண்டிப் போகும். தம்பி போன நேரம் திரும்பி வரும் காலம். முதல் கூட்டம் ஆற்றில் இறங்கியபோது படகுகள் எல்லாம் கரையில்தான் நின்றனவாம், ஒருவரும் சுடவில்லையாம். இவன் ஏன் என்று கேட்டிருக்கிறான். முன்னுக்கு வருவதுதான் வழி தெரிந்தது, அதை விட வேண்டும், அது போனால்தான் பின்னுக்கு வருவது அதே வழியைப் பிடிக்கும் என்று ஒரு பெரியவர் சொன்னாராம். பசியோடு காத்திருப்பவர்கள் முதலில் வருவதைத் தொடாமல் விடுவது என்றால் அதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்.

இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. அந்த மந்தை கன்று போடும் இடம் எல்லைக்கு அங்காலே அலாஸ்காவில், ஆர்க்டிக் கடலோரச் சமவெளியில் இருக்கிறது. ஆனி பிறக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான பெண் மான்கள் அங்கே போய்ச் சேரும். கடற்காற்று அடிப்பதால் நுளம்புத் தொல்லை குறைவு, ஓநாயும் குறைவு, புல் அப்போதுதான் குருத்து விட்டிருக்கும், பால் ஊறும். குவிச்சின் மக்கள் அந்த நிலத்தை உயிர் தொடங்கும் புனித இடம் என்கிறார்கள். பஞ்ச காலத்தில்கூடத் தாங்கள் அங்கே கால் வைத்ததில்லை என்றும் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப வாசித்தேன் இதை. அவர்களுடைய சாப்பாடு முழுவதும் பிறக்கும் இடம், எங்கே இருக்கிறது என்றும் தெரியும், போனால் கையால் பிடிக்கலாம். போகவில்லை.

அந்த நிலத்துக்குக் கீழேதான் எண்ணெய் இருக்கிறது என்கிறார்கள். வேறென்ன. 1988ல் அந்த ஆபத்து நெருங்கியபோது அலாஸ்காவிலும் கனடாவிலும் சிதறிக் கிடக்கும் குவிச்சின் ஊர்கள் எல்லாம் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற இன்னொரு ரோட்டில்லாத சின்ன ஊரில் கூடின. நூறு வருடத்துக்கும் மேலாக அப்படி ஒன்றாகக் கூடியதே இல்லை. அந்த நிலத்தில் எண்ணெய் தோண்ட விடக்கூடாது என்று அங்கே எடுத்த முடிவை இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2017ல் அமெரிக்காவில் அந்த நிலத்தைத் திறந்துவிடும் சட்டம் வந்தது. 2021 ஜனவரியில் எண்ணெய் தோண்டும் உரிமையை ஏலம் போட்டார்கள், பெரிய எண்ணெய்க் கம்பனி ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி போட்டபோது ஒருவர்கூடக் கேட்கவில்லை. இழுபறி இன்னும் தீரவில்லை, ஆட்சி மாற மாறச் சட்டமும் மாறுகிறது, ஆனால் அந்த ஊர்க்காரர் மாறவில்லை.

அந்த ஆர்க்டிக் வில்லேஜ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1971ல் அலாஸ்காவின் பழங்குடிகளுக்குக் காசும் கம்பனிப் பங்கும் தந்து காணிப் பிரச்சினையை முடிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆர்க்டிக் வில்லேஜும் பக்கத்து வெனிட்டி ஊரும் காசு வேண்டாம், காணியைத் தாருங்கள் என்று சொல்லி 18 லட்சம் ஏக்கரைத் தங்கள் பெயருக்கு வாங்கிக்கொண்டார்கள். கையில் காசில்லாத சனம் காசை வேண்டாம் என்றது. இதை வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2017ல் பிலக்குடியிருப்புச் சனம் குழந்தை குட்டிகளோடு ஒரு மாதம் ரோட்டோரம் இருந்து, படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியை மீட்டதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள்.

தம்பிக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள சூரிய மின்சாரம். ஊரே சொந்தமாகப் போட்டது, 2021ல் இருந்து ஓடுகிறது. கோடையில் சூரியன் மறையாத நாட்களில் டீசல் எஞ்சினை நிற்பாட்டி வைக்கலாம். 'எஞ்சின் நிண்ட பிறகுதான் தங்கட ஊரின்ர சத்தம் கேட்டுது எண்டு சொல்லுதுகள் அக்கா' என்று எழுதியிருந்தான். அதேநேரம் நிலத்துக்கடியில் காலங்காலமாக உறைந்திருந்த மண் இப்போது உருகுகிறது, ஏரிகள் சில கரை உடைத்து வடிந்தே போய்விட்டன, 2019ல் அந்தச் சின்ன ஊர் காலநிலை அவசரநிலை என்று பிரகடனமே செய்தது.

தேடும்போது எடித் ஜோசி என்ற பெண்ணைப் பற்றியும் வாசித்தேன். ஓல்ட் க்ரோவில் இருந்தவர். 1962ல் தொடங்கி நாற்பது வருடமளவில் வைட்ஹோர்ஸ் ஸ்டார் பத்திரிகைக்கு ஊர்ச்செய்தி எழுதினார். யார் விமானத்தில் வந்தது, யாருக்கு மான் கிடைத்தது, எவ்வளவு குளிர், யாருக்குக் காய்ச்சல், இவ்வளவுதான். தான் பேசும் ஆங்கிலத்தில், பேசுகிற மாதிரியே எழுதினார், பத்திரிகையும் திருத்தாமல் போட்டது. உலகம் முழுக்க வாசகர்கள். 2010ல் இறந்துபோனார். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் கிழமைக்குக் கிழமை எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

சரி, எங்கள் குளத்துக்கு வருகிறேன்.

முத்தையன்கட்டு மாதிரிப் பெரிய குளம் இல்லை, ஒரு முப்பது குடும்பத்தின் வயலுக்குத் தண்ணீர் பாயும் சின்னக் குளம். அதன் அலைகரைக்கு, அதாவது கட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வந்து சேரும் கரைக்கு, அங்காலே காடு. அந்தக் காட்டுக்குள் அப்பா எங்களைப் போக விடமாட்டார். விறகு பொறுக்க வேண்டுமென்றால் குளக்கட்டுக்குக் கீழே போ என்பார். அவர் மட்டுமில்லை, ஊரில் ஒருவரும் அங்கே கத்தி கோடரியோடு போவதில்லை, போகத்தான் வேண்டி வந்தால் ஒரு குழை முறித்து ஐயனார் மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். சின்ன வயதில் பேய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கேட்டபோது அப்பா சொன்னார், "குளம் அங்கதான் பிறக்குது." அவ்வளவுதான் சொன்னார். மழைத்தண்ணீர் அந்தக் காட்டு வேருக்குள் ஊறி, மண்ணை விட்டுவிட்டுத் தண்ணீராக மட்டும் இறங்கி வருவதை அவர் அப்படித்தான் சொன்னார். குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த வருடத்தில்கூட, விறகு விற்றால் அரிசி வாங்கலாம் என்ற நிலையிலும், அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

அந்தக் குவிச்சின் பெரியவர்கள் சொன்னதை வாசித்தபோது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது.

இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது அப்பா இல்லை. அந்தச் சொல்லும் அவரோடு போய்விட்டது போல. கடந்த மூன்று நான்கு வருடமாக இரவில் உழவுயந்திரச் சத்தம் கேட்கிறது. யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஆவணியில் தம்பியின் வீடியோ வந்த கிழமை நான் அலைகரையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். முதலில் ஒரு குழை முறித்துப் போட்டேன். முதிரை, பாலை என்று பார்த்துக்கொண்டு போனதில் ஒன்பது அடிக்கட்டைகளை எண்ணினேன், ஒன்றின் மேலே இரண்டு கையையும் விரித்து வைத்தாலும் மறுகரை எட்டவில்லை. பால் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது தண்ணீர் செம்மண் கலங்கலாகப் போனது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வருகிற ஞாயிறு வாசிகசாலையில் கமக்கார அமைப்பின் கூட்டம். குளத்தின் துருசு, அதாவது மதகு, திருத்துவது பற்றித்தான் பேச்சு, கேட்டு வைத்திருக்கிறேன், எனக்கும் பத்து நிமிடம் தருகிறார்கள். அலைகரைக் காட்டுக்குள் இனி ஒருவரும் வெட்டக்கூடாது என்று எழுத்தில் எடுக்க வேண்டும், அப்பாவின் காலத்தில் வாயால் இருந்ததை இப்போது எழுத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒன்பது கட்டைகளின் படம் போனில் இருக்கிறது. தம்பி ஆற்றங்கரையில் நின்று எடுத்த வீடியோவும் இருக்கிறது, படகுகள் எல்லாம் அசையாமல் நிற்க முதல் மான்கள் நீந்திப் போகும் அந்த ஒன்றரை நிமிடம். அம்மா தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னதை அவர் வாயாலேயே சொல்வாராம்.