பளபளக்காத ரிவால்வர்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. வைகை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி, தயிர் சாதப் பொட்டலத்தை நடைமேடையிலேயே முடித்துவிட்டு, தோளில் பையோடு பாந்தியன் சாலை வரை வேர்க்க விறுவிறுக்க நடந்து, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 1851-ல் தொடங்கிய இடம், நாளைக்கும் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

புரசைவாக்கத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு போன் செய்தேன். “அதே சாலையில் எங்கள் ஆபீஸ் இருக்கிறதே, அங்கே நில், வருகிறேன்” என்றார். எங்கள் ஆபீஸ் என்று அவர் சொன்னது பழைய காவல் ஆணையர் அலுவலகத்தை. 2021-லிருந்து அது காவல் அருங்காட்சியகம். சித்தப்பா ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். அவர் ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது, ‘எங்கள்’ மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

உள்ளே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் முக்கால் மணி நேரம் நின்றோம். பழைய ரிவால்வர்கள். எனக்கு இந்தப் பைத்தியம் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. சுட வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் வந்ததில்லை, எது எந்த ஊரில் எப்போது செய்தது என்று கண்டுபிடிப்பதில்தான் சுகம். நம் ஊரில் எல்லாவற்றையும் ‘துப்பாக்கி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும். ரிவால்வரில் தோட்டாக்கள் உருளைக்குள் இருக்கும், ஒவ்வொரு முறையும் உருளை சுழல வேண்டும். சுழல் துப்பாக்கி என்று அழகாகத் தமிழாக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

சித்தப்பா கண்ணாடியில் விரலை வைத்தார். “இதுதான் என் இடுப்பில் இருந்தது. வெப்லி.”

“என்ஃபீல்டாகவும் இருக்கலாம் சித்தப்பா” என்றேன். முறைத்தார். ஆனால் சந்தேகம் நியாயமானது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் வைத்திருந்த வெப்லி மார்க் 6, 1915-ல் வந்தது. 0.455 அங்குலக் குண்டு, ஆறு அங்குலக் குழல், முரட்டு ஆயுதம். போர் முடிந்ததும் சிறியதாக 0.38-ல் ஒன்று வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. வெப்லி கம்பெனி ஒரு மாதிரியைச் செய்து கொடுத்தது. அரசாங்கமோ அதைப் பார்த்துத் தன் சொந்தத் தொழிற்சாலையான என்ஃபீல்டில் செய்துகொண்டது. வழக்கு, முறையீடு என்று அலைந்து கடைசியில் கம்பெனிக்குக் கிடைத்தது 1,250 பவுண்டு. பிறகு இரண்டாம் உலகப்போரில் என்ஃபீல்டு மட்டும் போதாமல் அதே கம்பெனியிடம் மார்க் 4 என்ற 0.38 ரிவால்வரை வாங்கினார்கள் என்பது தனிக் கூத்து. ஆகவே இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் திருகு கழற்றினால் தனியாக வரும் தகடு இருந்தால் என்ஃபீல்டு.

“தகடெல்லாம் கிடையாது” என்றார். வெறுங்கையை நீட்டி, கட்டைவிரலால் இல்லாத ஒரு நெம்புகோலை இடது பக்கம் அழுத்தி, இன்னொரு கையால் இல்லாத குழலைக் கீழே மடக்கினார். “களுக் என்று மடங்கும். நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஒன்று எழும்பி ஆறு காலித் தோட்டாக்களையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும்.” அந்தக் கை அசைவைப் பார்த்தபோது, எத்தனையோ வருடங்கள் அதைத் தினமும் செய்த கை என்று தெரிந்தது. காவலுக்கு நின்றவரும் பார்த்துச் சிரித்தார்.

“பக்கவாட்டில் என்ன எழுதியிருந்தது?”

“மார்க் 4, 0.38, அப்புறம் 145, 200 என்று ஏதோ கணக்கு.”

அந்தக் கணக்கு குண்டின் எடை, கிரெயினில். 200 கிரெயின் என்றால் சுமார் 13 கிராம். ஒன்றரைப் பவுனுக்கும் சற்று அதிகமான ஈயம்.

“இன்னொன்றும் இருந்தது. வார் ஃபினிஷ். சண்டை முடிந்த வருஷம் செய்தது, அதனால் 1945 என்று எங்கள் பயிற்சியாளர் சொல்வார்.”

கண்ணாடிக்குள் இருப்பதில் அந்த எழுத்து இருக்கிறதா என்று குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் என் வழுக்கைதான் தெரிந்தது. ஆனால் பயிற்சியாளர் சொன்ன பொருள் தவறு. ஃபினிஷ் என்றால் இங்கே முடிவு இல்லை, மெருகு. அமைதிக் காலத்தில் வெப்லி தன் ரிவால்வர்களை நன்றாகத் தேய்த்து, நீலக் கறுப்பில் முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றித்தான் வெளியே அனுப்பும். போரில் அதற்கு நேரம் ஏது? கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். அவசரத்தில் செய்தோம், வேலை மட்டமாகத் தெரிந்தால் காரணம் போர் என்று பொருள்படும்படி உடம்பிலேயே முத்திரை குத்திவிட்டார்கள். இயங்கும் பாகங்களில் குறையில்லை, தோல்தான் சொரசொரப்பு.

இதைச் சொல்லி முடித்தபோது சித்தப்பா பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அப்படியென்றால் அது பளபளக்கவே பளபளக்காதா?”

“எப்படித் தேய்த்தாலும் கண்ணாடி மாதிரி வராது சித்தப்பா.”

“சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த புதிதில், பரேடில் ஒரு அதிகாரி என் ரிவால்வரை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இதை வைத்து வீட்டில் தேங்காய் உடைக்கிறாயா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் சித்திக்கே கோபம். இதைத் தேய்க்கிற நேரத்துக்கு வீட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்த்திருக்கலாம் என்பாள்.”

வெளியே வந்து டீ குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்து சித்திக்குப் போட்டார். “ஏய், அந்தத் துப்பாக்கி விஷயம் தெரியுமா? தப்பு என் பேரில் இல்லையாம்.”

எந்தத் துப்பாக்கி என்று சித்தி கேட்டது எனக்கே காதில் விழுந்தது.