கொடைக்கறி தாராவி வந்து சேர்ந்த கதை

போன வருஷம் எங்கள் குலதெய்வக் கோயிலின் கிடா வெட்டுத் திருவிழாவான சித்திரைக் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டு நான் கொண்டுவந்த கறி, சோலாப்பூர் தாண்டும்போதே கெட்டுவிட்டது. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, மூடியோரம் மூக்கை வைத்தபோதே தெரிந்துவிட்டது. மும்பையில் இறங்கியதும் நாலு கிலோ கறியையும் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா "சரி விடு, சாமி நம்மள ஒண்ணும் கோவிச்சுக்கிடாது" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஆறு வருஷமாக ரயிலேற முடியவில்லை. எங்கள் ஊர் வள்ளியூருக்கும் நாங்குநேரிக்கும் நடுவில், சுடலைமாடன்தான் குலதெய்வம். சில கோயில்களில் வெட்டின கறி எல்லை தாண்டக் கூடாது, அங்கேயே பொங்கித் தின்று முடித்துவிட வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு. எங்களுக்கு அப்படி இல்லை. தாராவியில் எத்தனை தலைக்கட்டு இருக்கிறதோ அத்தனை பேரும் வரி கொடுக்கிறோம், வர முடியாதவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு ஒரு தடவையாவது அம்மா வாயில் பட வேண்டும் என்பதுதான் எனக்கு.

இந்த வருஷம் கிளம்பும் முன்பே ஒவ்வொருவரிடமாகக் கேட்க ஆரம்பித்தேன். விமானம் என்றால் திருவனந்தபுரம் போய் ஏற வேண்டும். கறியை ட்ரை ஐஸில் வைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் ட்ரை ஐஸ் கூடாது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பெட்டியில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரி. உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகிவிடும், இறுக்கி மூடினால் பெட்டி வெடிக்கும். இதெல்லாம் சரி, வள்ளியூர் பக்கம் அதை யார் விற்கிறார்கள்? விசாரித்த வரை யாரும் இல்லை. ரயிலில் அதைக் கொண்டுபோகலாமா என்றும் யோசித்தேன். மூடிய ஏசி பெட்டியில் எதிர் பெர்த்தில் குழந்தை தூங்கும்போது கீழே கரியமில வாயு கசிவதை நினைத்ததும் அதைக் கைவிட்டேன். நீங்களும் செய்ய வேண்டாம்.

ரயில்வே லக்கேஜ் விதிகளைப் படித்தபோது செத்த கோழியையும் வேட்டையாடிய மிருகங்களையும் லக்கேஜாகப் புக் செய்ய முடியாது என்று இருந்தது. என்னுடையது இரண்டும் இல்லை, புக் செய்யப் போவதுமில்லை. ஆனாலும் திருநெல்வேலி ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். "ஒழுகக் கூடாது, நாறக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரன் புகார் சொன்னா எறக்கி விட்ருவோம்" என்றார் அங்கிருந்தவர். நியாயம்தான். பெட்டியைக் கட்டும்போது அந்த இரண்டையும்தான் மனதில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு உண்மையான பாடம் சொன்னது பெரியப்பா. அவருக்கு எழுபத்தாறு வயசு. சின்னப் பையனாக எங்கள் தாத்தா பின்னாலேயே களக்காடு மலைக்கு வேட்டைக்குப் போனவர். இன்றைக்கு அதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது. 1972-ல் வன உயிர்ச் சட்டம் வந்தது, 1988-ல் அந்த மலை முழுக்கப் புலிகள் காப்பகம் ஆனது. வந்தது நல்லதுக்குத்தான் என்று பெரியப்பாவே சொல்வார், மிளா மானை இப்போது தூரத்திலிருந்து பார்ப்பதே போதும் என்பார். ஆனால் இரண்டு நாள் நடை தூரத்திலிருந்து கறியைக் கெடாமல் இறக்கிக்கொண்டு வருவது எப்படி என்ற விவரம் மட்டும் அவர் கையில் அப்படியே இருக்கிறது.

போன வருஷம் எப்படிக் கட்டினேன் என்று கேட்டார். சொன்னேன். வெட்டினதும் துண்டு போட்டு, கழுவி, பிளாஸ்டிக் கவரில் அள்ளி இறுக்கிக் கட்டி, மேலே ஐஸைக் கொட்டி மூடினேன்.

"ஏலே, உசுரு போன சூட்டோட கவர்ல கட்டினா அது உள்ளயே வெந்துதாம்ல போவும். ஐஸ் வெளியதான இருக்கு, உள்ள இருக்க சூடு எங்க போவும்? கறிய மூடாத. ஆற விடு. காத்துல தொங்க விடு. நாங்க மலையில பூரா ராத்திரியும் கொப்புலதான் தொங்கப் போடுவோம்."

அவர் சொன்னதற்குள் அறிவியல் முழுதும் இருந்தது. ஆட்டின் உடம்புச் சூடு 39 டிகிரி. கறியின் நடுவில் இருக்கும் சூடு சீக்கிரம் இறங்காது. ஐந்து டிகிரிக்கும் அறுபதுக்கும் இடையில்தான் கிருமி பெருகும், நான் அதைப் பிளாஸ்டிக் போர்வை போர்த்திப் பத்திரமாக வளர்த்திருக்கிறேன். கழுவியது இன்னொரு தப்பு. ஈரம் இருந்தால் அதுவும் கிருமிக்கு வசதி. துடைக்கத்தான் வேண்டும்.

இந்த வருஷம் சாமக்கொடை முடிந்து எங்கள் கிடா வெட்டும்போது ராத்திரி இரண்டு மணி. உரித்துக் குடலை எடுத்ததும் பெரியப்பா சொன்னபடி துண்டு போடாமல் நான்கு சப்பையாக மட்டும் பிரித்து, தொழுவத்துக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். ஈ மொய்க்காமல் இருக்கக் கொசுவலையைச் சுற்றினோம். ஈரல், குடல், தலை, ரத்தம் எதையும் பெட்டிக்கு ஒதுக்கவில்லை, அதுதான் முதலில் கெடும். எல்லாம் அன்றைக்கே ஊரில் வெந்து இலையில் விழுந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் குடத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது நான் கறியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியும்போது மேல்பக்கம் காய்ந்து, தாளில் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்திருந்தது. உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

வெயில் ஏறும் முன் வள்ளியூரில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் உறவுக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவரிடம் மீன் வைக்கும் குளிர் அறையும் டீப் ஃப்ரீசரும் இருக்கின்றன. நான் நேராக ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்றேன். அவர் விடவில்லை. வெட்டிய பிறகு கறி விறைக்கும், அந்த விறைப்பு வந்து அடங்கும் முன்பே உறைய வைத்தால் தசை சுருங்கிப்போய் எத்தனை விசில் விட்டாலும் மெல்ல முடியாது என்றார். ஒரு பகலும் ஒரு இரவும் குளிர் அறையில். மறுநாள் காலையில்தான் துண்டு போட்டு, அரை அரை கிலோவாகத் தட்டையாக அழுத்தி, காற்றை வெளியேற்றிக் கவர் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினோம். உருண்டையாகக் கட்டினால் நடு உறைய நேரமாகும், தட்டை என்றால் சீக்கிரம் கல்லாகும். பத்துப் பொட்டலம், ஐந்து கிலோ. அங்கே இரண்டு நாள் கிடந்தது.

அந்த மூன்று நாளும் எனக்கு மும்பையிலிருந்து வேலை பற்றி போன் வந்தபடி இருந்தது. கொடை முடிந்த மறுநாளே ரயிலேறிவிடுகிற ஆள் நான். போன வருஷக் கறி கெட்டது ரயிலில் இல்லை, ஊரில், என் அவசரத்தில். இதைப் படிக்கிறவர்கள் எதை மறந்தாலும் லீவை மட்டும் இரண்டு நாள் கூட்டிப் போடுங்கள்.

கடைசியாக எஞ்சிய முக்கால் கிலோவைப் பெரியம்மா உப்புக்கண்டம் போட்டுவிட்டாள். உப்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி பிசறி ஊசிநூலில் கோத்து முற்றத்தில் கட்டினாள். அதைப் பார்க்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. அவர் தாராவியில் தோல் பட்டறையில் இருந்தவர். 1971-ல் தேவ்னாருக்கு மாறும் முன் வெட்டுக்களம் பாந்த்ராவில்தான். அங்கிருந்து வரும் பச்சைத் தோலுக்கு முதலில் கல்லுப்பைத்தான் அள்ளித் தேய்ப்பார்களாம். "உப்பு தண்ணிய வெளிய இழுத்துரும், தண்ணி இல்லாத எடத்துல புழு வராது" என்பார்.

பெட்டி விஷயம். மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று, அதற்குள் கச்சிதமாக உட்காரும் சின்னப் பெட்டி இன்னொன்று. ஐஸ் கட்டி வேண்டாம் என்று முடிவு செய்தேன், உருகினால் ஒழுகும். பதிலாக எட்டு ஒரு லிட்டர் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டு உறைய வைத்தோம். உப்புத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழேதான் உறையும், அதனால் உருகும்போதும் அந்தக் குளிரிலேயே நிற்கும். அடியில் பாட்டில், நடுவில் கறி, மேலே பாட்டில். இடைவெளியில் தினத்தாளைக் கசக்கித் திணித்தேன், காற்று நிற்கும் இடம் இருக்கவே கூடாது. மூடியைச் சுற்றி டேப், அதற்கு மேல் பழைய கம்பளி. கம்பியோடு வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையைப் பொட்டலங்களுக்கு நடுவே சொருகி, காட்டும் பகுதியை வெளியே விட்டேன். எல்லாம் சேர்த்துப் பதினாறு கிலோ வந்தது.

போன வருஷம் ஸ்லீப்பர், இந்தத் தடவை ஏசி மூன்றடுக்கு. டிக்கெட் விலை கறி விலையைவிட அதிகம் என்று மச்சான் சொன்னான். அதை நான் கணக்குப் பார்க்கவில்லை. திருநெல்வேலியில் ஏறும்போது மைனஸ் 15. ரேணிகுண்டா தாண்டி மைனஸ் 9. எதிரே இருந்த குடும்பம் சைவம். பெட்டியில் என்ன என்று கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன், ஒழுகாது என்றும் சொன்னேன். அந்த அம்மாள் தன் செருப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, "உங்க அம்மாவுக்கா?" என்று கேட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ராய்ச்சூர் பக்கம் அவர்கள் பேரன் பெர்த்துக்கு அடியில் பந்து எடுக்கப் போய்க் கம்பியை இழுத்துவிட்டான். முனை வெளியே வந்துவிட்டது. தெர்மாமீட்டர் 24 காட்டியது, அது ரயில் பெட்டியின் சூடு. உள்ளே என்ன என்று தெரியாது. டேப்பைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. திறந்தால் குளிர் போய்விடும், திறக்காவிட்டால் மனசு அடங்காது. சோலாப்பூர் வந்தபோது கீழே குனிந்து மூடியோரம் மூக்கை வைத்தேன். தெர்மாகோல் வாசனை மட்டும்தான். அங்கிருந்து புனே வரை திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து டேப்பைக் கத்தியால் கீறியபோது அம்மா பக்கத்தில் முக்காலியில் இருந்தாள். மேல் பாட்டில்களில் பாதி தண்ணீர், பாதி ஐஸ். அதற்குக் கீழே ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். விரலை மடக்கித் தட்டினாள். டொக் டொக் என்றது.

"கல்லுலா இருக்கு!"

திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்தாள். இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக வைத்து (வெளியே வைத்து உருக்காதீர்கள், மேலே இளகி நடுவில் கல்லாகவே இருக்கும், அந்த மேல்பக்கம்தான் கெடும்), காலையில் நெஞ்செலும்பைக் கொத்தமல்லி, மிளகு, தேங்காய் வறுத்தரைத்துக் குழம்பு வைத்தாள். மற்ற பொட்டலங்களை உருகும் முன்பே எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) உள்ள ஊர்க்கார வீடுகளுக்கு என் பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். எந்த வீட்டுக்கு எது என்று வாசலில் நின்று அம்மாவே பேர் சொல்லி அனுப்பினாள்.

பெரியம்மாவின் உப்புக்கண்டம் பாதிதான் காய்ந்திருந்தது. மும்பைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் பகலில் பத்ரா என்கிற தகரக் கூரை மேல் வெயிலிலும் இரவில் வீட்டுக்குள் ஃபேன் காற்றிலும் நான்கு நாள் மாற்றி மாற்றிக் கட்டினோம். காக்காய்க்குப் பயந்து அம்மா படியில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். மூட்டு வலிக்கவில்லையா என்று கேட்டேன். "நீ ஆபீசுக்குப் போலே" என்றாள்.