ஒரு நூல் பிசகும் இடங்கள்

நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளில் அளவு இன்னமும் அடி, அங்குலம், நூல் என்றுதான் ஓடுகிறது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் 3.175 மி.மீ. ஆனால் பிளைவுட்டின் தடிமனும் டிராயர் சேனலும் மி.மீட்டரில் வருகின்றன. முதல் பிசகு இங்கேயே தொடங்கிவிடும். ஒரு நூலை 3 மி.மீ. என்று வாய்க்கணக்குப் போட்டால் ஏழு நூலுக்கு 21 வரும்; உண்மையில் அது 22.2. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விடுகிற சந்தே இரண்டு, மூன்று மி.மீ. தான். அதில் ஒன்று இப்படியே போய்விட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பும்போது கதவு பிடிக்கும். எந்த அளவில் வேலையைத் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது என்று ரிவெட்டைத் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கொக்கித் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆட்டம் வேண்டுமென்றே விடப்பட்டது. விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே நகரும். உள்ளளவுக்கு முட்டுக் கொடுத்தால் உள்ளே போகும். இரண்டிலும் அளவு சரியாக நிற்கும். டேப் கீழே விழுந்து கொக்கி வளைந்துபோனால்தான் ஆபத்து. அப்போது 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, மறக்காமல் 10-ஐக் கழியுங்கள்.

நல்ல டேப்பின் தொடக்கத்தில் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று தர வகுப்பு அச்சிட்டிருக்கும். 2 மீட்டர் நீளத்தில் முதல் வகுப்புக்கு 0.3 மி.மீ., இரண்டாம் வகுப்புக்கு 0.7 மி.மீ. கூடவோ குறையவோ அனுமதி உண்டு. ஆகவே இரண்டாம் வகுப்பு டேப்புகள் இரண்டும் தரம் தவறாமலேயே தங்களுக்குள் 1.4 மி.மீ. வேறுபடலாம். நிலையை ஒருவர் டேப்பிலும் கதவை இன்னொருவர் டேப்பிலும் அளந்தால் பொருந்தாததில் வியப்பில்லை. பழைய கோயில் சுவர்களில் அளவுகோலைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்களே, அதன் பயன் இதுதான்: எல்லோரும் ஒரே கோலுக்குக் கட்டுப்பட வேண்டும்.

ரம்பம் தின்னும் மரத்தையும் கணக்கில் எடுங்கள். 1800 மி.மீ. பலகையில் 300 மி.மீ. துண்டு ஆறு கிடைக்காது. 3 மி.மீ. வாய் உள்ள சர்க்குலர் பிளேடு ஐந்து வெட்டில் 15 மி.மீ. தூளாக்கிவிடும். வீணாகப் போகும் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவைத்தால் கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்ற குழப்பமே வராது.

செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தைச் சோதிப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு விளிம்பை நேராக இழைத்த பலகை போதும். மட்டத்தின் கட்டையை அந்த விளிம்பில் அழுத்தி, கத்தியால் ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தை அப்படியே மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. 300 மி.மீ. தள்ளி 1 மி.மீ. விலகினால் மட்டத்தின் பிழை அதில் பாதி, 0.5 மி.மீ. புரட்டும்போது பிழை இரட்டிப்பாகத் தெரிவதுதான் இந்தச் சோதனையின் பலம். பலகையின் விளிம்பு வளைந்திருந்தால் சோதனையே பொய்யாகிவிடும்; முதலில் அதைப் பாருங்கள். ஒரே தகட்டில் வெட்டிய பெரிய இரும்பு மட்டத்தைத் திருத்தவும் முடியும். கோணம் குறைந்திருந்தால் உள்மூலையருகே பஞ்ச் வைத்து ஓர் அடி, கூடியிருந்தால் வெளிமூலையருகே. அடி விழுந்த இடம் விரிந்து கோணத்தைத் தள்ளும். மெல்ல ஓர் அடி, பிறகு சோதனை, தேவைப்பட்டால் இன்னோர் அடி.

பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. தடிமன் உண்டு, மழுங்கினால் ஒரு மி.மீ. இணைப்பு வரும் இடங்களில் கத்திதான் வேண்டும். ஒருபக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய கத்தியின் தட்டையான பக்கத்தை மட்டத்தோடு ஒட்டவைத்து, முதல் கீறலை மிக லேசாகப் போடுங்கள். இரண்டாம், மூன்றாம் கீறலில் ஆழம் வரட்டும். எடுத்தவுடன் அழுத்தினால் கத்தி மர ரேகையின் பின்னால் ஓடிவிடும். அந்தக் கீறலில் உளி தானாகவே போய் உட்காரும். பென்சில் கோட்டுக்கு அந்தக் குணம் இல்லை.

இனி மார்க்கிங் கேஜ், அதாவது விளிம்புக்கு இணையாக முள்ளால் கோடு கீறும் கருவி. பட்டறையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள். 36 மி.மீ. தடிமனுள்ள கதவுச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்காக 12 மி.மீ. துளை என்று வையுங்கள். கேஜின் இரட்டை முள்ளை ஸ்கேலில் 12 பார்த்து வைக்காதீர்கள். துளை போடப்போகிற உளியின் வாயில் வைத்துப் பொருத்துங்கள். 12 என்று வாங்கிய உளி 11.8 இருக்கலாம். துளை உளியின் அகலத்துக்குத்தான் வரும், ஸ்கேலின் அகலத்துக்கு அல்ல. துளைக்கும் அதில் நுழையும் முளைக்கும் அதே கேஜை, அசைக்காமல், எப்போதும் சட்டத்தின் முகப்புப் பக்கத்திலிருந்தே ஓட்டுங்கள். நெடுஞ்சட்டம் 36, குறுக்குச் சட்டம் 35 என்று தடிமன் பிசகினாலும் முகப்பு சமமாக நிற்கும். வித்தியாசம் முதுகில் போய் ஒளிந்துகொள்ளும். ஒன்றை முன்னாலிருந்தும் மற்றதைப் பின்னாலிருந்தும் வரைந்தால், விரல் வைத்தாலே தெரிகிற படி விழும். அதனால்தான் இழைத்து முடித்தவுடன் முகப்புக்கும் ஒரு விளிம்புக்கும் குறி போடச் சொல்கிறோம்.

கேஜ் முள் ஊசிபோல் இருந்தால் ரேகைக்குக் குறுக்கே போகும்போது நாரைக் கிழிக்கும். அரத்தால் ராவிக் கத்தி முனைபோல் ஆக்கினால் போதும்.

கீலுக்கும் இதே வழிதான். தகட்டின் தடிமனைக் கேஜில் நேராகவே பிடித்து, அந்த ஆழத்தைச் சட்டத்தில் இழுத்துவிடுங்கள். எண் எதற்கு? ஒவ்வொரு முறை எண்ணை வாசித்து, நினைவில் வைத்து, மறுபடி குறிக்கும்போதும் பிழை நுழைய ஒரு கதவு திறக்கிறது. இரண்டு நெடுஞ்சட்டங்களையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, துளைகளின் இடத்தை ஒரே கோட்டில் இரண்டிலும் குறிப்பதும் இதற்காகவே. துளைகள் அரை நூல் மேலோ கீழோ போனாலும் இரண்டிலும் ஒன்றுபோலப் போகும்; குறுக்குச் சட்டம் சாயாது.

பலகையைச் சமமாகப் பிரிக்கவும் வகுத்தல் வேண்டாம். 187 மி.மீ. அகலத்தை ஐந்தாக்க, ஸ்கேலின் சுழியத்தை ஒரு விளிம்பில் வைத்து, 200 மறு விளிம்பைத் தொடும்வரை சாய்த்து, 40, 80, 120, 160-இல் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகள் வழியே விளிம்புக்கு இணையாகக் கோடு இழுத்தால் ஐந்தும் சமம்.

பசை போட்டுச் சட்டத்தைப் பூட்டியதும் மூலைவிட்டம் பாருங்கள். 600 அகலமும் 800 உயரமும் உள்ள சட்டத்தில் இரண்டும் 1000 வர வேண்டும். ஒன்று மற்றதைவிட 3 மி.மீ. கூடியிருந்தால் மேல்சட்டம் ஏறக்குறைய 2.5 மி.மீ. பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது என்று பொருள். மூலையில் டேப் கொக்கி வழுக்கும். முனை கூராக்கிய இரண்டு குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, எதிரெதிர் உள்மூலைகளைத் தொடும்வரை நீட்டி, அவை சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அப்படியே மற்ற மூலைவிட்டத்துக்குத் திருப்புங்கள். நீளமான மூலைவிட்டம் எதுவோ அந்தத் திசைக்குக் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து இறுக்கினால் அது குறையும். பிறகு குனிந்து, அருகிலுள்ள சட்டத்தின் மேல்விளிம்போடு எதிர்ச்சட்டத்தின் விளிம்பை ஒரே பார்வையில் ஒப்பிடுங்கள். மூலைவிட்டம் சரியாக இருந்தும் சட்டம் முறுக்கியிருக்கலாம். பசை இறுகுவதற்குள் கிளாம்பைத் தளர்த்தி, தாழ்ந்த மூலைக்கு ஆப்பு கொடுத்து மறுபடி பூட்டுங்கள்.