கொழுந்து வாடும் நேரம்

டவுன் வாசிகசாலையின் இரவல் பகுதியில் இருக்கும் அக்கா, என் தலையைக் கண்டதுமே முத்திரையைக் கையில் எடுத்துவிடுவார். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை, நாள் நீட்டத்தான் வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள், "தம்பி, இது இங்க இருந்ததைவிட உங்க காம்பராவுல இருந்ததுதான் கூட" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "பெக்டரி வாசம் வேற."

வாசம் வராமல் என்ன செய்யும்? இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் எனக்கு இரவு வேலை. பகலில் நிறுத்து வந்த கொழுந்தை மேல்மாடித் தொட்டிகளில் பரப்பி, கீழேயிருந்து காற்றை ஓட விட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணித்தியாலமாவது வாடினால்தான் இலையைச் சுருட்டும் ரோலருக்குப் போகும். ஜூன், ஜூலை மழையில் சொட்டச் சொட்ட வரும் கொழுந்துக்கு அதுவும் போதாது. நடுச்சாமம் தாண்டினால் என் வேலை, தொட்டி தொட்டியாகப் போய் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பது. கையை விரித்ததும் சலசலவென்று உதிர்ந்தால் இன்னும் நேரமிருக்கிறது. உருண்டை பிடித்தபடி நின்று, காம்பும் மடித்தால் முறியாமல் வளைந்தால் கீழே ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் இருபது நிமிஷம்தான் என் வாசிப்பு. பகலில் தூங்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், மகளை பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிவர வேண்டும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, எனக்கு லீவு என்றால் வாசிகசாலைக்கும் லீவு.

அதனால் பெரிய நாவல்கள் என் தொழிலுக்குச் சரிவராது. நாலு பக்கம் படித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்து வந்தால், யார் யாருக்கு மச்சான் என்பதே மறந்துவிடுகிறது. ஒரு தடிப் புத்தகத்தை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் அறுபதாம் பக்கத்துக்குக் கிட்ட வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கதாநாயகன் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை.

அங்கத்துவம் எடுத்தது அதைவிடப் பெரிய கதை. டவுனுக்குள் சோலைவரி, அதாவது வீட்டு வரி, கட்டுகிற ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் எங்களில் யார் சோலைவரி கட்டுவது? இருக்கிற காம்பராவே தோட்டத்துடையது. (உள்ளூராட்சிக்கான பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க அதிலே இருந்த தடையைத் திருத்தியது 2018இல். பிணைக்கு ஆள் தேடி அலைந்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன்.) கடைசியில், அப்பா பற்று வைத்துச் சாமான் வாங்கும் பலசரக்குக் கடை முதலாளிதான் கையெழுத்துப் போட்டார். "கடைக் கடனே இருக்கு, இப்ப புத்தகக் கடனுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

விலாசத்திலும் ஒரு வில்லங்கம். லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். சேர்ந்த புதிதில் நான் ஒரு புத்தகத்தை மறந்துபோய் வைத்திருக்க, நினைவூட்டல் தபாலட்டை ஒபிசுக்கு வந்துவிட்டது. அட்டைக்கு மூடியா இருக்கிறது? கிளாக்கர் ஐயா படித்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அம்மா கொழுந்துக் கூடையோடு நின்றிருந்தாராம். அன்று அந்தியில் வந்து, "என்னடா களவெடுத்த?" என்றுதான் கேட்டார்.

முழுதாகப் படித்து முடித்த புத்தகம் ஒன்று உண்டு. மலைநாட்டு நாட்டார் பாடல்களின் தொகுப்பு, சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்தது. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். வட்டகொடை தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா அந்தத் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, "நம்ம சி.வி." என்பார், ஏதோ கூடப் படித்தவர் மாதிரி.

பாட்டுப் புத்தகம் இருபது நிமிஷத்துக்கு அளவாக இருந்தது. ஆனால் முடித்தது பெக்டரியில் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக ஒரு பாட்டைப் படித்தேன். உள்ளே படுத்திருந்த அம்மாயி, அம்மாவின் அம்மா, "அப்படி இல்ல" என்றார். எழுத்துத் தெரியாதவர். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த கை. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்றேன். "அவுங்க தோட்டத்துல அப்படிப் பாடியிருப்பாங்க. நம்ம மலையில இப்படி" என்று எழுந்து உட்கார்ந்து பாடிக் காட்டினார். இரண்டாவது அடி முழுக்க வேறு. கங்காணியைத் திட்டுகிற சொல், இங்கே எழுத முடியாது.

அதிலிருந்து தினமும் அந்தியில், வேலைக்குப் போகுமுன் இரண்டு பாட்டு. அம்மாயி திருத்துவார். சிலதை "இது எனக்குத் தெரியாது" என்று மரியாதையாகக் கேட்பார். அதற்காகத்தான் மூன்று தடவை நாள் நீட்டினேன். அக்காவிடம் காரணம் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு, அம்மாயியின் அடிகளைக் கொழுந்து நிறுவைத் துண்டு ஒன்றின் பின்பக்கம் எழுதி, அந்தப் பக்கத்திலேயே செருகி வைத்தேன். புத்தகத்தில் பேனா வைக்க மனம் வரவில்லை.

போன வாரம் போனபோது தட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். துண்டு அப்படியே இருந்தது. பின்னால் ஒட்டிய திகதித் தாளில் கடைசி முத்திரையும் என்னுடையதுதான்.