படைத்த கூழ், படைக்காத கூழ்

"அக்கா, அம்மனுக்குப் படைச்ச கூழு, குடிங்க" என்று பக்கத்து வீட்டுப் பெண் தூக்குப்போசியை நீட்டினாள். எனக்குக் கை எழவில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி சேலத்துக்கு வந்த பிறகு எனக்கு முதல் ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், விடியுமுன்னே ஒலிபெருக்கிப் பாட்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள். யாழ்ப்பாணத்திலும் எங்களைச் சுற்றிச் சைவ வீடுகள்தான். ஆனால் அங்கே எதை வாங்குவது, எதை மனம் நோகாமல் தவிர்ப்பது என்பதெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார். இங்கே வாசலில் நின்றது நான்.

நல்லவேளை, மாமி உள்ளேயிருந்து வந்தார். "படைச்சத நாங்க குடிக்கிறதில்ல கண்ணு, கோவிச்சுக்காத. காய்ச்சினதும் படைக்கிறதுக்கு முன்னால ஒரு சொம்பு கொண்டா, வயிறு நெறயக் குடிக்கிறேன்."

"அதுக்கென்னங்கம்மா" என்று அவள் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே எங்களுக்கென்று முன்னதாக எடுத்து வைத்த கூழ் வந்தது, மோரும் சின்ன வெங்காயமும் கலந்து. இப்போது ஒவ்வோர் ஆடிக்கும் வருகிறது.

அன்று ராத்திரி ஜெபத்தில் மாமி வேதாகமத்திலிருந்து, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய நிருபமான 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தை வாசித்தார். கொரிந்து பட்டணத்துக் கடைகளில் கோயில் பலியின் இறைச்சியும் கலந்து விற்றது. கடையில் விற்பதை எதுவும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாதிருங்கள் என்கிறார். அதற்குச் சற்றுப் பின்னால்தான், "நீங்கள் புசித்தாலும், குடித்தாலும், எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்ற வசனம் வருகிறது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்னதுதான். அது சாப்பாட்டுத் தட்டைப் பற்றிய பேச்சில் பிறந்தது என்பது சேலத்தில்தான் எனக்கு உறைத்தது.

கூழை மறுப்பதிலேயே ஒரு சுயபெருமை இருக்கலாம். சபையார் மெச்சட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவில் நல்ல பெயர் வேண்டும் என்று மனம் ஒப்பாமல் வாங்கிக் குடிப்பவர்களும் உண்டு. இரண்டிலும் முன்னால் நிற்பது நம் பெயர்தான். மாமி உண்மையையும் சொன்னார், அந்தப் பெண்ணையும் தாங்கிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுக்கும்போதும், அவள் விரதமா, முட்டை போட்ட கேக் ஆகுமா என்று கேட்டுவிட்டே அனுப்புகிறார். கர்த்தருக்குக் கனம் சேர்ப்பது என்றால் எனக்கு இந்த மாதிரிக் காரியங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆலயத்தில் மின்விசிறி இறக்கையில் கூடக் கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கிறார்களே, அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

சேலம் பழகிவிட்டது. வெயிலும் தட்டுவடை செட்டும் பழகிவிட்டன. ஆலயத்தில் அந்நியமே இல்லை. 1947 முதல் கடலுக்கு இரு கரையிலும் ஒரே தென்னிந்திய திருச்சபை, ஆராதனை முறையும் ஒன்றே. ஆனால் கேழ்வரகுக் கூழ் நாக்கில் பட்டதும் நான் எங்கள் வீட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறேன். பெரிய பானையில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ், நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் போட்டு, புளியும் உறைப்புமாய். மடித்த பலா இலையில் ஊதி ஊதிக் குடிப்போம். அம்மா ஜெபம் முடிக்கும்வரை யாரும் இலையைத் தொடக்கூடாது. தம்பி மட்டும் ஆமென் சொல்லுமுன்னே நண்டுக்காலை எடுத்துவிடுவான். இங்கே கிடைப்பது மேட்டூர் அணை மீன். நல்ல மீன்தான், ஆனால் கடல் வாசம் இல்லை.

ஏற்காட்டில் இருக்கும் மாமியின் தங்கைக்கு எங்கள் ஏற்பாடு சம்மதமில்லை. படைக்காத கூழாகவே இருந்தாலும் பண்டிகைக்குக் காய்ச்சியதுதானே என்கிறார். மாமி அவரோடு வாதாடுவதில்லை. புசிக்கிறவன் கர்த்தருக்கென்று புசிக்கிறான், புசியாதிருக்கிறவனும் கர்த்தருக்கென்று புசியாதிருக்கிறான் என்று ரோமர் 14இல் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர் வீட்டுக்குப் போனால், அவர் வைப்பதைச் சாப்பிட்டு, அவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்லி, சாயங்காலம் இறங்கி வருகிறோம்.