ரெண்டும்தாம்மா

‘தி கிரேட்டஸ்ட் நைட் இன் பாப்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பாடகர் பாப் டிலனின் தவிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள்; எனக்கோ பாடகியும் தாள வாத்தியக் கலைஞருமான ஷீலா ஈ சொல்வதைத் தாண்டிப் போக முடியவில்லை. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக ‘வீ ஆர் தி வேர்ல்ட்’ பாடலைப் பதிவுசெய்ய 1985 ஜனவரி 28 இரவு ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடினார்கள். தனக்கென ஒரு வரி கிடைக்கும் என்று காத்திருந்த ஷீலாவிடம், அவரோடு சேர்ந்து இசைத்துவந்த பாப் நட்சத்திரம் பிரின்ஸ் வருவாரா, அவரை வரவழைக்க முடியுமா என்றே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். தன்னை எதற்கு அழைத்தார்கள் என்பது அங்கேயே விளங்கிவிட, அவர் கிளம்பிவிட்டார்.

ஒலிப்பதிவுக்கு ஆட்களை அழைப்பதுதான் என் வேலை. வெள்ள நிவாரணப் பாடல் ஒன்றுக்காக இளம் வயலின் கலைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, தேதி, கால்ஷீட் நேரம், வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு, போகிற போக்கில், “உங்க குருவும் வந்தா நல்லா இருக்கும்” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சார், நான் வாசிக்கணுமா, இல்ல அவரைக் கூட்டிட்டு வரணுமா?” என்று கேட்டார். “ரெண்டும்தாம்மா” என்றேன்.

அது பொய்யில்லை. இடையிசையில் அவருக்கென்று ஒரு பகுதி எழுதப்பட்டே இருந்தது. குரு வரக்கூடும் என்ற நப்பாசை இல்லாவிட்டாலும் அவர் பெயர் பட்டியலில் இருந்திருக்குமா என்று கேட்டால், பட்டியலைத் தயாரித்தது நானல்ல என்றுதான் சொல்ல முடியும். குரு வரவில்லை. அந்தப் பெண் வந்து, சுத்தமாக வாசித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார். வெளியான பாடலில் அவருடைய வயலின் கோரஸுக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. மிக்ஸிங்கிலும் எனக்கு வேலையில்லை.

பெரிய பெயர்களைக் காட்டித்தான் பெரிய பெயர்களை வரவழைக்க முடியும். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சம்மதித்த பிறகே மற்றவர்கள் தயக்கமின்றிச் சேர்ந்தார்கள் என்று அதே படம் சொல்கிறது. அந்தப் பாடல் 6 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. அந்தத் தொகைக்கு முன்னால் ஒருவருடைய மனக்கசப்பு எம்மாத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பிரின்ஸ் வராததால் பாட்டு நின்றுவிடவில்லை. அவருக்கு வைத்திருந்த வரியை ஹியூயி லூயிஸ் பாடினார், நன்றாகவே பாடினார். அப்படியானால் ஷீலாவை அவ்வளவு நெருக்கியது எதற்காக? இதற்கு எனக்குப் பதில் இல்லை. அதே வேலையைச் செய்யும் நான் அவர்கள்மீது கோபப்படுவதும் சற்று வேடிக்கைதான்.

இப்போதெல்லாம் யாரை அழைத்தாலும் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னதாலேயே வர மறுத்தவர்கள் உண்டு. அதில் ஒரு நிதிப் பாடல் பாதியில் நின்றும் போனது. அதற்காக யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பணம் போய்ச் சேர வேண்டியிருந்தவர்களிடம் கேட்டால், “ரெண்டும்தாம்மா” என்று சொல்லிச் சமாளித்த ஆளே தேவலை என்பார்களோ என்னவோ.